புல்தரை வட்ட வட்டமாகக் காய்கிறதா? மருந்து வாங்கும் முன் மண்டியிட்டுப் பாருங்கள்

நீங்கள் சொன்னதைச் சுருக்கமாக ஒருமுறை எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். கோவையில் வீடு. மூன்று சென்ட் புல்தரை, ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மெக்சிகன் புல் கார்பெட் வாங்கிப் போட்டது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வட்ட வட்டமாகப் பழுப்பு, அங்கங்கே கோரை. மஞ்சளாக இருக்கிறதே என்று தோட்டக்காரர் யூரியா போட்டார், அது சரிவரவில்லை என்றதும் கார்பெண்டசிம் என்கிற பூஞ்சை மருந்தை இரண்டு முறை அடித்தார். ஸ்பிரிங்க்ளர் தினமும் மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் தானாக ஓடுகிறது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்பது கேள்வி.

பெயர்க்காதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில்தான் இருக்கிறேன். பெயர்த்துப் புதிதாகப் போட்ட தரைகளில் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் அதே வட்டம் வந்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன். புல்லை மாற்றினோமே தவிர மண்ணையும் தண்ணீர் விடும் முறையையும் மாற்றவில்லை, பிறகு எப்படி வராமல் இருக்கும்?

முதலில் ஒரு வட்டத்தின் ஓரத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். காய்ந்துபோன நடுப்பகுதியைப் பார்த்துப் பயனில்லை, அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. பச்சையும் பழுப்பும் சேருகிற விளிம்பில்தான் விஷயம் இருக்கிறது. காலையில் பனி உலரும் முன்னால் பார்ப்பது இன்னும் நல்லது. விளிம்பில் இருக்கிற ஒரு இலையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். சிரமமே இல்லாமல் கையோடு வந்து, அடிப்பகுதி கருப்பழுப்பாக அழுகியிருந்தால், விளிம்பு முழுவதும் லேசான ஆரஞ்சு நிறம் கட்டியிருந்தால், அது ரைசாக்டோனியா என்கிற பூஞ்சை. நெல்லில் இலையுறைக் கருகல் என்று நம் விவசாயிகள் சொல்கிற நோய்க்கும் ரைசாக்டோனியாதான் காரணம், புல்லில் வருவது அதன் இன்னொரு பிரிவு. இரவு குளிர்ந்து, நாள் கணக்கில் இலை ஈரமாகவே இருந்து, அதோடு தழைச்சத்தும் (யூரியாவில் இருப்பது அதுதான்) கூடிவிட்டால் இதற்குக் கொண்டாட்டம். உங்கள் தரையில் மூன்றும் நடந்திருக்கிறது. மழை ஈரத்தின் மேல் மாலைத் தண்ணீர், அதன் மேல் யூரியா. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் கையால் இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏனென்றால் வட்டமாகக் காய்வதெல்லாம் பூஞ்சை கிடையாது. இலையை இழுக்கும்போது புல்லே பாய் சுருட்டுகிற மாதிரி மொத்தமாகச் சுருண்டு வந்தால், கீழே வேர் இல்லை என்று அர்த்தம், வேர்ப்புழு தின்றிருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பெயர்த்துப் பார்த்தால் வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, ஆங்கிலச் 'சி' எழுத்து மாதிரி வளைந்து படுத்திருக்கும். மைனாவும் காகமும் ஒரே இடத்தை விடாமல் கிளறிக்கொண்டிருந்தாலும் இந்தச் சந்தேகம் வரவேண்டும். வீட்டில் நாய் இருக்கிறதா? நடுவில் செத்து, சுற்றிலும் கரும்பச்சையாக வளையம் கட்டினால் அது நாய் சிறுநீர், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும், மருந்து ஒன்றும் வேண்டாம். ஒரு ரூபாய்க் காசு அளவில் வெளுத்த சின்னச் சின்னப் புள்ளிகள் நிறைய இருந்தால் அது வேறு நோய், அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவில் வருவது, அங்கே கொஞ்சம் உரம் போட்டாலே பாதி சரியாகும். பார்த்தீர்களா, ஒரு நோய்க்கு யூரியா விஷம், இன்னொன்றுக்கு அதுவே மருந்து. பெயர் தெரியாமல் எதையும் போடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சோதனை, நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்துப் பழுத்த இடத்திலும் நல்ல இடத்திலும் குத்திப் பாருங்கள். நல்ல இடத்தில் அரை அடி இறங்கி, பழுத்த இடத்தில் இரண்டு அங்குலத்தில் 'டக்' என்று நின்றால் கீழே கட்டடக் கழிவு கிடக்கிறது. வீடு கட்டி முடிந்ததும் மீந்த செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி எல்லாவற்றையும் நிரவி, மேலே மூன்று அங்குலம் செம்மண் கொட்டி, கார்பெட்டை விரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முதல் ஆறு மாதம் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த வேர் ஓடுவதற்கு இடம் வேண்டாமா? வேர் மூன்று அங்குலத்தில் நின்றுவிட்ட புல், மழையில் மூழ்கும், வெயிலில் முதல் ஆளாக வாடும். அப்படிப்பட்ட இடம் இருந்தால் அந்த வட்டத்தை மட்டும் தோண்டி, கழிவை எடுத்து, நல்ல மண் நிரப்பி, பக்கத்துப் புல்லிலிருந்தே துண்டு எடுத்து நடுங்கள்.

சரி, கார்பெண்டசிம் ஏன் கேட்கவில்லை? நம் ஊரில் புல்லோ ரோஜாவோ எது வாடினாலும் முதலில் எடுக்கிற டப்பா அதுதான். ஆனால் அது எல்லாப் பூஞ்சைக்கும் பொருந்தாது. வெயில் காலத்துக் கோடை மழையில், வெதுவெதுப்பான இரவில், எண்ணெய் தடவின மாதிரி வழவழத்து, தண்ணீர் ஓடின வழியாகவே கோடு கோடாகப் புல் படுத்துவிடுமே, அந்தப் பித்தியம் நோயை அது தொடவே தொடாது. அதற்கு மெட்டலாக்சில் வகைதான். இலைப்புள்ளி நோய் சிலவற்றிலும் கார்பெண்டசிம் வேலை செய்யாது. ரைசாக்டோனியாவில் ஓரளவு கேட்கும், ஆனால் ஈரமும் யூரியாவும் அப்படியே இருக்கும்போது, அதுவும் இலை மேலே மட்டும் பனி மாதிரித் தெளித்தால், அடியில் அழுகுகிற இலையுறைக்கு மருந்து போய்ச் சேரவே சேராது.

இப்போது செய்யவேண்டியது, இதே வரிசையில் செய்யுங்கள். இன்றைக்கே ஸ்பிரிங்க்ளர் டைமரை அணையுங்கள். மழைக்காலம் முடிகிறவரை கையால்தான், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். யூரியா தை மாதம் வரை கூடாது. புல் வெட்டினால் வெட்டிய துகளை வாரி அப்புறப்படுத்துங்கள், நோய் உள்ள இடத்தைக் கடைசியாக வெட்டி மெஷினைக் கழுவி வையுங்கள், ஈரத்தில் வெட்டவே வேண்டாம். இரண்டு வாரத்தில் வட்டம் விரிவது நின்றுவிட்டால் மருந்தே தேவையில்லை. நிற்காவிட்டால் அசாக்சிஸ்ட்ரோபின் 23 எஸ்சி அல்லது புரோப்பிகோனசோல் 25 ஈசி, இரண்டில் ஒன்று, லிட்டருக்கு 1 மில்லி, வட்டத்திலும் அதைச் சுற்றி இரண்டடியிலும் அடிப்பகுதி நனைகிற மாதிரி நிறையத் தண்ணீரில் அடியுங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம், உலரும்வரை குழந்தையும் நாயும் அந்தப் பக்கம் போகக்கூடாது. இந்த மருந்துகளின் லேபிளில் புல்தரை என்று இருக்காது, வேறு பயிர்களின் பெயர்தான் போட்டிருக்கும், அதனால் முதலில் ஒரு ஓரத்தில் சிறிய இடத்தில் அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தொடருங்கள். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் மாதிரி உயிரி மருந்துகளைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அவை வருமுன் காப்பவை. மழைக்கு ஒரு மாதம் முன்னால் மக்கின எருவில் கலந்து தூவினால் பலன் உண்டு, நோய் பற்றி எரிகிறபோது அவற்றால் அணைக்க முடியாது.

காய்ந்த வட்டம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தரையோடு ஓடுகிற தண்டைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஆனால் மெக்சிகன் புல் நிதானமாகத்தான் வளரும், மாசி, பங்குனி வெயில் ஏறின பிறகுதான் மூடத் தொடங்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. கடைசியாக எப்போது புல் வெட்டினீர்கள்? இந்தப் புல்லை வாங்கும்போது "வெட்டவே வேண்டாம் சார்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். வெட்டாமல் விட்டால் மெத்தை மாதிரி மேடும் பள்ளமுமாகப் புடைக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும், வெறுங்காலில் நடந்தால் சுகமாகவும் இருக்கும். ஒரு கத்தியால் கேக் வெட்டுகிற மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே பச்சை, கீழே மண், இரண்டுக்கும் நடுவில் தேங்காய் நார் மாதிரிப் பழுப்பாக ஒரு அடுக்கு இருக்கும். அது அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஆபத்து. மழையில் பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு வீடு. வெயிலில் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. வேரும் மண்ணுக்குள் போகாமல் அந்த நாருக்குள்ளேயே ஓடும். என் கணக்கில், நம் ஊர் மெக்சிகன் தரைகளில் பாதி நோய்க்குக் காரணம் இந்த நார் அடுக்குதான்.

இதை மழையில் தொடாதீர்கள். மாசி கடைசியில், புல் வேகம் எடுக்கும்போது, கம்பி வாரியால் அழுத்தி வாரி நாரை எடுங்கள், ஒரே நாளில் எல்லாம் எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று தடவையாக. தோட்ட முள்கரண்டியால் நான்கு அங்குலத்துக்கு ஒரு குத்து குத்தி லேசாக ஆட்டி எடுங்கள், மண் இறுக்கம் தளரும். பிறகு சலித்த மண்புழு உரமும் கழுவின மணலும் சமமாகக் கலந்து 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவித் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். மூன்று சென்ட்டுக்குச் சுமார் 17 கன அடி கலவை வரும். மணலில் தூள் அதிகம் இருந்தால் காய்ந்ததும் பூச்சு மாதிரி இறுகிவிடும், அதனால்தான் கழுவச் சொல்கிறேன். அதன் பிறகு இரண்டு அங்குல உயரத்தில், வெயில் காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை வெட்டுங்கள். ஒரு தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவே கூடாது. அதிகம் வளர்ந்துவிட்டால் இரண்டு தடவையாக இறக்குங்கள். பிளேடு கூர்மையாக இருக்கவேண்டும். மழுங்கின பிளேடு இலையைக் கிழிக்கும், நுனி எல்லாம் வெளுத்துத் தெரியும், கிழிந்த இடம் நோய்க்குத் திறந்த வாசல். நோய் இல்லாத காலத்தில் வெட்டிய மெல்லிய துகளைத் தரையிலேயே விடலாம், அது மக்கிச் சத்தாகும், நார் அடுக்கு அதனால் வருவதில்லை.

தண்ணீர். தினமும் பத்து நிமிடம் என்பதுதான் மிக மோசமான முறை. மேல் அங்குலம் மட்டும் நனையும், வேர் அங்கேயே நிற்கும், கோரைக்கும் பாசிக்கும் விருந்து. மழை இல்லாத காலத்தில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் அளவில் தொடங்குங்கள், சித்திரை வெயிலில் இன்னும் கூட்டவேண்டியிருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். உங்கள் மூன்று சென்ட் ஏறத்தாழ 120 சதுர மீட்டர், ஆகவே வாரம் 3000 லிட்டர். போர் தண்ணீரை நம்பி இருக்கிற வீட்டில் இது சின்ன எண்ணிக்கை இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் புல்தரையை எவ்வளவு பெரிதாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யவேண்டும். அதை இரண்டு அல்லது மூன்று தடவையாகப் பிரித்து விடியற்காலையில் விடுங்கள். ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு கொட்டுகிறது என்று தெரிய, ஐந்தாறு காலி டப்பாவைத் தரையில் அங்கங்கே வைத்துக் கால்மணி நேரம் ஓடவிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு டப்பாவில் 3 மில்லிமீட்டரும் இன்னொன்றில் 12 மில்லிமீட்டரும் இருந்தால் நோய் எங்கே வருகிறது, புல் எங்கே காய்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தோட்டக்காரர் மஞ்சளைப் பார்த்து யூரியா போட்டாரே, அந்த மஞ்சளையும் பார்ப்போம். கீழே இருக்கிற பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனியில் வருகிற இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. கோவைப் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண் நிறைய, போர் தண்ணீரும் கடினம், அதனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. அதற்கு யூரியா போட்டால் மஞ்சள் போகாது, நோய்தான் வரும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, கடினத் தண்ணீராக இருந்தால் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, வெயில் தாழ்வாக இருக்கும்போது தெளியுங்கள். ஒரு வாரத்தில் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். டைல்ஸில், சுவரில் பட்டால் துருக்கறை போகவே போகாது, அதை மட்டும் கவனியுங்கள். தழைச்சத்துத்தான் குறைவு என்று தெரிந்தால், மாசிக்குப் பிறகு சதுர மீட்டருக்கு 5 கிராம் யூரியா, மூன்று சென்ட்டுக்கு 600 கிராம், ஈரமில்லாத இலை மேல் சீராகத் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். கை நிறைய அள்ளி வீசினால் விழுந்த இடமெல்லாம் கருகும்.

இப்போது கோரை. இதுதான் எல்லோரையும் அழவைக்கிறது. முதலில் அது புல் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பூத்தண்டை இரண்டு விரலில் உருட்டினால் உருளாது, மூன்று பட்டையாக இருக்கும். மண்ணுக்குள்ளே கிழங்கு கிழங்காகச் சங்கிலி போட்டிருக்கும். குழந்தைகளுக்குக் குளியல் பொடியில் அரைத்துப் போடுகிற வாசனைக் கோரைக்கிழங்கு இதேதான். மேலே பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் அறுந்து வரும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மற்றக் கிழங்குகள் எல்லாம் விழித்து முளைக்கும். ஒன்றைப் பிடுங்கினோம், பத்து வந்தது என்று சொல்வார்களே, அது உண்மை. பத்து இருபது செடி என்றால், மண் ஈரமாக இருக்கும்போது நீள ஸ்குரூடிரைவரை ஓரமாக இறக்கிக் கிழங்கோடு நெம்பி எடுங்கள். வாரம் ஒருமுறை விடாமல் ஒரு வருடம் செய்தால் கிழங்கு இளைத்து ஓய்ந்துபோகும்.

தரை முழுக்கப் பரவியிருந்தால் ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் 75 சதவீதக் குருணை என்கிற களைக்கொல்லி. நம் நாட்டில் இதைப் பெரும்பாலும் கரும்புக்கென்றுதான் விற்கிறார்கள், ஆனால் மெக்சிகன் புல்லும் அருகும் இதைத் தாங்கும், மற்ற நாடுகளில் புல்தரைக்கே இதைப் பயன்படுத்துகிறார்கள். அளவு ஏக்கருக்கு 36 கிராம். கணக்குப் போட்டால் உங்கள் மூன்று சென்ட்டுக்கு 1.1 கிராம்தான், 6 லிட்டர் தண்ணீரில்! சமையலறைத் தராசில் இதை அளக்க முடியாது, தோராயமாக ஒரு ஸ்பூன் என்று போட்டால் பல மடங்கு போய்விடும், நகை நிறுக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஒட்டும் திரவம் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக்கூடாது, இலை இருந்தால்தானே மருந்து இறங்கும். இரண்டு வாரம் வரை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பதறி மறுபடி அடிக்காதீர்கள், மூன்று நான்கு வாரத்தில் மஞ்சளாகிச் சாயும். தப்பின கிழங்குக்கு ஆறு எட்டு வாரம் கழித்து இன்னொரு முறை. காய்கறிப் பாத்தி பக்கம் போகவே கூடாது. முக்கியமாக, இப்போது அடிக்காதீர்கள். நோயில் கிடக்கிற புல்லுக்கு இது இன்னொரு அடி. வட்டம் மூடி, புல் வேகமாக வளர்கிற பங்குனியில் செய்யுங்கள். கிளைஃபோசேட் வேண்டவே வேண்டாம், புல்லும் சேர்ந்து போகும். உப்புத் தண்ணீர், வினிகர் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கோரைக் கிழங்கு பிழைத்துக்கொள்ளும், மண்தான் கெடும்.

மற்றக் களைகள் எனக்கு எதிரிகளாகத் தெரிவதில்லை, தகவல் சொல்ல வந்தவை. அம்மான் பச்சரிசி படர்ந்தால் அங்கே புல் மெலிந்து மண் இறுகியிருக்கிறது. நடுவில் வெள்ளையாக, தரையோடு தட்டையாக விரிந்து, கேழ்வரகுக் கதிர் மாதிரி விரல் விரலாகக் கதிர் விடும் புல் வந்தால், அது கேழ்வரகின் பங்காளிதான், எல்லோரும் நடந்து நடந்து கெட்டியான பாதையில்தான் அது முளைக்கும். அங்கே கல் பலகை பதித்து நடைபாதையாக்கிவிடுவது புத்திசாலித்தனம். கோரையே கூட, தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில்தான் அதிகம் இருக்கும், பாருங்கள். புளியாரையைக் கையால் எடுத்துவிடலாம். பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகு நடுவில் நுழைந்திருந்தால் நான் விட்டுவிடுவேன். மெக்சிகன் புல்லை விட்டுவிட்டு அருகை மட்டும் எடுக்க எளிய வழி கிடையாது, தவிர அது லேசுப்பட்ட புல்லும் இல்லை. உலகம் முழுக்க விளையாட்டு மைதானங்களில் இருக்கிற டிஃப்வே 419 என்கிற புல் ரகம், 1960-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரிலிருந்து வெளியிட்டது, அருகும் ஆப்பிரிக்க அருகும் கலந்து வந்ததுதான்.

கடைசியாக, மாமரத்தடியில் புல் வரவே மாட்டேன் என்கிறது என்றீர்கள். வராது. மெக்சிகன் புல்லுக்கு நாளில் நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், அது இல்லாத இடத்தில் எத்தனை முறை கார்பெட் போட்டாலும் மெலிந்து பாசிதான் பிடிக்கும். கிளையைக் கவாத்து செய்து வெளிச்சம் விட முடிந்தால் அகல இலை பஃபலோ புல்லை முயலுங்கள், அது நிழலை இதைவிடத் தாங்கும். முடியாவிட்டால் அந்த வட்டத்தில் மாவிலைச் சருகைப் பரப்பி, இரண்டு கல் பெஞ்ச் போட்டுவிடுங்கள்.